தாய்க்கல் ஒன்றே ஒன்று

அத்தியாயம் 4

"கையெழுத்துப் போட மாட்டேன். கையை வெட்டினாலும் போட மாட்டேன்."

சொன்னவள் கல்லக்கா. சொன்ன இடம், பெயர்ப் பலகையில் மட்டும் பெரிதாக இருந்த ஒரு துப்பறியும் அலுவலகம். உள்ளே ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஓடும்போது அழுகிற ஒரு ஃபேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருவர்: டீச்சர், டீச்சரின் உதவியாளர் கண்டக்டர்.

டீச்சர் நிஜமாகவே டீச்சராக இருந்தவர்தான். கல்லூரியில் தர்க்கம் நடத்தினார். தாளாளரின் மருமகன் பரீட்சையில் நியாயமாகச் சம்பாதித்த சைபரை மாற்றிப் போடச் சொன்னபோது, "முன்னாடி ஒரு கோடு வேணா போட்டுத் தர்றேன், மைனஸ்னு படிச்சுக்கட்டும்" என்றார். அன்றோடு வேலை போயிற்று. கண்டக்டர், பெயருக்கேற்ப, பஸ்ஸில் விசில் ஊதிக்கொண்டிருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. தன்னைவிட வயதில் சின்னவரான டீச்சரிடம் வேலை பார்ப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, தன்னைப் பேச விடுவதில்லை என்பதைத் தவிர.

"முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார் கண்டக்டர். "எதைத் திருடினேன்னு சொல்றாங்க?"

"திருடலைண்ணே, சுரண்டிட்டேனாம்!"

கல்லக்கா வேலை பார்ப்பது எடைக்கல் செய்கிற பட்டறையில். மருந்துக் கடைக்கும் நகைக் கடைக்கும் போகிற பித்தளைக் கற்கள். அங்கே செய்கிற ஒவ்வொரு கல்லும் கடைசியில் ஒரே ஒரு கல்லோடு தராசில் ஏறி நிற்க வேண்டும். அதற்குப் பெயர் தாய்க்கல். கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும். ஈரம் பட்டால் பித்தளை கெட்டுவிடும் என்பதால் கூட்டுக்குள் ஒரு கிண்ணத்தில் சுட்ட சுண்ணாம்பு. விரலால் யாரும் தொடக் கூடாது, தோல் சுற்றிய இடுக்கியால்தான் தூக்க வேண்டும். கூட்டின் சாவி கல்லக்காவின் கழுத்தில். அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை மானேஜர் அதைப் பெட்டியில் வைத்து, காரில் முத்திரை ஆபீசுக்குக் கொண்டுபோவார். சரியான எடை என்று அவர்கள் சொல்லிவிட்டால், வருஷம் முழுக்கப் பட்டறை தன் கற்களுக்குத் தானே முத்திரை குத்திக்கொள்ளலாம். தாய் சுத்தமென்றால் பிள்ளைகளை யாரும் சந்தேகப்படுவதில்லை.

"போன வாரம் ஒரு மருந்துக்கடைக்காரர் வந்தார் டீச்சர். கையில ரெண்டு கல்லு. ஒண்ணு அவங்கப்பா காலத்துல வாங்கினது, ஒண்ணு இந்த வருஷம் வாங்கினது. ரெண்டும் நம்ம முத்திரை. தராசுல வச்சா புதுசு மேல ஏறுது! அப்புறம் தாய்க்கல்லையே வச்சுப் பார்த்தோம். அதுவும் ஏறுது. தாயே குறைஞ்சிருக்கு. உடனே மானேஜர் என் கழுத்தைப் பார்த்தார். சாவி யார்கிட்ட? என்கிட்ட. அரம் யார்கிட்ட? பட்டறை பூரா அரம்தான். முடிஞ்சுது கதை."

"சுரண்டின பித்தளையை என்ன பண்ணினீங்களாம்?"

"அதை யாருண்ணே கேக்கறா? அந்தப் பொடியை வச்சு எனக்கு ஒரு பல்லுகூடக் கட்ட முடியாது!" கல்லக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகை இல்லை, வியர்வைதான். "மருந்துக்கடைக்காரர் முத்திரை ஆபீசுக்குப் புகார் எழுதிட்டார். இன்னைக்குச் சாயங்காலம் ஆபீசரே பட்டறைக்கு வர்றார். அவர் வர்றதுக்குள்ள, நான்தான் சுரண்டினேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். போட்டா வேலை மட்டும் போகும், போடலைன்னா போலீஸ். என் பொண்ணு இதே தொழிலுக்குத்தான் வருவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. எடையில திருடினவள்னு பேர் வாங்கிட்டு அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்? போலீஸே வரட்டும். நான் போட மாட்டேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். "தாய்க்கல், தாய்க்கல்னு சொல்றீங்களே, அது ஒண்ணுதானா?"

கல்லக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "தாய் எத்தனை பேர் டீச்சர் இருப்பாங்க?"

"சரி" என்று எழுந்தார் டீச்சர். "கண்டக்டர், வண்டியை எடுங்க."

* * *

வண்டி என்பது மரியாதைக்குச் சொல்வது. கதவைச் சாத்தினால் கண்ணாடி இறங்கும், கண்ணாடியை ஏற்றினால் கதவு திறக்கும். கல்லக்காவைப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, கண்டக்டர் பழக்க தோஷத்தில் "ரைட்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளப்பினார்.

"ஒண்ணுதானான்னு ஏன் கேட்டீங்க?" என்றார், முதல் திருப்பத்திலேயே.

"காலேஜ்ல இதை ஒரு மாசம் நடத்தியிருக்கேன் கண்டக்டர். 'என் பூட்டை உடைச்சவன் இடதுகைக்காரன்'னு ஒருத்தர் சொல்றார்னு வைங்க. அவர் எத்தனை விஷயம் சொல்றார்?"

"ஒண்ணு. இடதுகைக்காரன்."

"மூணு. பூட்டை உடைச்சவன்னு ஒருத்தன் இருக்கான். ஒருத்தன்தான் இருக்கான். அவன் இடதுகைக்காரன். மூணாவதைத்தான் வாய்விட்டுச் சொல்றோம். முதல் ரெண்டையும் சத்தமில்லாம உள்ளே தள்ளிடறோம். கேக்கறவங்களும் தலையாட்டிட்டுப் போயிடறாங்க. சண்டை வந்தா மூணாவதுக்குத்தான் வரும். பூட்டு தானாவே விழுந்திருக்கலாமே, உடைச்சவன் ரெண்டு பேரா இருக்கலாமேன்னு யாரும் கேக்கறதில்லை."

"பஸ்ல இப்படி ஒரு பயணி ஏறியிருந்தா அடுத்த ஸ்டாப்லயே இறக்கி விட்டிருப்பேன்."

"'தாய்க்கல் குறைஞ்சுபோச்சு'ன்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா நமக்குத் தெரிஞ்சது என்ன? கூட்டுக்குள்ள எடை குறைஞ்ச ஒரு கல் இருக்கு. அவ்வளவுதான். போன வருஷம் ஆபீஸ்ல சரியா நின்ன கல்லும், இன்னைக்குக் கூட்டுல இருக்கிற கல்லும் ஒண்ணுதான்னு யார் பார்த்தாங்க? யாரும் பார்க்கலை. தாய்க்கல் ஒண்ணுதானேன்னு மென்னு முழுங்கிட்டாங்க."

பின் சீட்டில் கல்லக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்டக்டர் எதிரே வந்த இரண்டு பஸ்ஸுக்கு வழி விட்டார். அவர் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"அப்போ இன்னொரு கல்லு இருக்குங்கறீங்க."

"இருந்தா அது ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வாயாலேயே சொல்லுவார்."

"எவனாவது சொல்லுவானா டீச்சர்!"

"சொல்லாம இருக்கத்தான் கஷ்டம்" என்றார் டீச்சர்.

* * *

பட்டறை வாசலில் காவலாளி மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போகிறவர்களைச் சும்மா விட்டார். வெளியே போகிறவர்களை மட்டும் போன வாரத்திலிருந்து தடவிப் பார்க்கச் சொல்லி முதலாளியம்மாவின் உத்தரவாம். மானேஜரின் பைகூட விலக்கில்லை.

முதலாளியம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கணவர் போன பிறகு பட்டறையைத் தனியாக இழுத்துக்கொண்டு போகிறவர். மானேஜர் அவருடைய கூடப் பிறந்த தம்பி. சலவை மடிப்புக் கலையாத சட்டை, எண்ணி எண்ணிப் பேசுகிற வாய். கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் வந்தால் அன்று அவர் உற்சாகமாக இருக்கிறார் என்று அர்த்தம் என்று கல்லக்கா வழியிலேயே சொல்லியிருந்தாள்.

"டிடெக்டிவ் எல்லாம் எதுக்கு?" என்றார் முதலாளியம்மா. "வீட்டு விஷயம். இவ கையெழுத்துப் போட்டா நானே பூசி மெழுகி முடிச்சிடுவேன்."

"மெழுகறதுக்கு முன்னாடி கொஞ்சம் பார்த்துக்கறோம்மா" என்றார் டீச்சர். "ஆளுக்கு ஒரே ஒரு கேள்வி. ஆபீசர் வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்."

மானேஜர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். கண்டக்டர் கண்களை மேயவிட்டார். துடைத்து வைத்த மேஜை. பேனா ஸ்டாண்டு. அதன் பக்கத்தில் தோல் சுற்றிய ஓர் இடுக்கி. சுவரில் ஆள் உயரத்துக்கு, மங்கிப்போன கண்ணாடிக் கதவோடு ஒரு பெண்டுலக் கடிகாரம். அது ஓடவில்லை.

"எத்தனை மணிக்கு எந்த பஸ்ஸுன்னே வாழ்ந்தவன் நான்" என்று முனகினார் கண்டக்டர். "நின்னுபோன கடிகாரம் எனக்கு ஆகாது. அது சரி, உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற மனுஷனுக்கு இடுக்கி எதுக்கு டீச்சர்? டீக்குச் சர்க்கரைக் கட்டி எடுத்துப் போடவா? சர்க்கரையையும் காணோமே."

"உஷ்."

"ரெண்டாவது கல்லுன்னதும் ஞாபகம் வருது. எங்க டிப்போவுல ஒரு டிரைவர் இருந்தார், ரெண்டு பொண்டாட்டிக்காரர். டிப்போவுல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. கடைசியில எப்படி மாட்டினார் தெரியுமா?"

"அப்புறம் கேக்கறேன். முதல் ஆளைக் கூப்பிடுங்க."

அப்புறமாம்! எந்தக் கதையை டீச்சர் முழுசாகச் சொல்ல விட்டிருக்கிறார்? கண்டக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

முதலில் மெருகு போடுகிறவர். உள்ளங்கை முழுக்கப் பித்தளை மினுமினுப்பு. கண்கள் டீச்சரைத் தவிர அறையில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தன.

"தாய்க்கல்லைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்றார் டீச்சர்.

"தெனமும்தாங்க பார்க்கறேன். என் இடத்துலேர்ந்து நேரா தெரியுமே."

"சரி, போகலாம்."

அவர் போனதும் கண்டக்டர் பாய்ந்தார். "இவன்தான் டீச்சர்! முழியைப் பார்த்தீங்களா? அசல் திருட்டு முழி! கையைத் தட்டினாலே கால் கல்லு எடைக்குப் பொடி விழும்."

"அவருக்கு என்னைப் பார்த்தா பயம், அவ்வளவுதான். அடுத்தவர்."

வார்ப்புக்காரர் வந்தார். "தாய்க்கல்லையா? நான் உலைப் பக்கம்ங்க, போன மாசம் பார்த்ததுதான்" என்றார். பொறுமை போய்விட்ட முதலாளியம்மா நின்றுகொண்டே, "தாய்க்கல்லை நேத்துப் பார்த்தேன், இன்னைக்கும் பார்த்தேன், பார்க்கப் பார்க்க வயிறு எரியுது" என்றார். எல்லாரிடமும் அதே கேள்வி. எல்லாரையும் அதே வேகத்தில் அனுப்பினார் டீச்சர். கண்டக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கடைசியாக மானேஜர். தன் அறையிலேயே விருந்தாளி நாற்காலியில் உட்கார நேர்ந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது.

"உங்க கார் எங்கே நிக்குது சார்?" என்றார் டீச்சர்.

"வாசல்ல."

"அக்கா எப்படி இருக்காங்க? ரொம்ப மனசு உடைஞ்ச மாதிரி தெரியுதே."

"பரவாயில்லை."

"தாய்க்கல்லைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

மானேஜர் சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டார். "கூட்டுல இருக்கிறதைத்தானே? நேத்துக் காலையில."

"அவ்வளவுதான் சார். எல்லாரையும் கூட்டுப் பக்கம் வரச் சொல்றீங்களா?"

அவர் போனார். டீச்சர் சிரித்தார். காலேஜிலிருந்து வெளியே வந்த அன்றுகூட டீச்சர் இப்படித்தான் சிரித்தாராம். கண்டக்டர் கேள்விப்பட்டிருக்கிறார்.

* * *

கண்ணாடிக் கூட்டுக்குள் கல் சாதுவாக உட்கார்ந்திருந்தது. உருண்டை உடம்பு, மேலே குமிழ். சுற்றிலும் பட்டறை ஆட்கள். பக்கத்து மேஜையில் பெரிய தராசு, மருந்துக்கடைக்காரர் விட்டுப்போன இரண்டு கற்கள், கல்லக்கா கையெழுத்துப் போட வேண்டிய தாள், மூடி திறந்த பேனா. எல்லாம் தயார்.

"கண்டக்டர்" என்றார் டீச்சர். "அந்த டிரைவர் எப்படி மாட்டினார்?"

"இப்பவா?"

"இப்பத்தான்."

கண்டக்டருக்கு நம்ப முடியவில்லை. சபை வேறு! தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு நாள் புது மேலதிகாரி வந்தார். மரியாதைக்கு, 'என்னப்பா, வீட்டுக்காரி சௌக்கியமா?'ன்னு கேட்டார். நம்ம டிரைவர் அசதியில இருந்தார். 'எது சார், மார்க்கெட்டுப் பக்கம் இருக்கிறவளா?'ன்னு கேட்டுட்டார்!"

பட்டறையே சிரித்தது. வார்ப்புக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு ஓய்ந்தபோது, சிரிக்காமல் நின்ற ஒரே முகத்தை டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே பொண்டாட்டி உள்ளவங்க 'எது'ன்னு கேக்க மாட்டாங்க" என்றார். "நான் இன்னைக்கு எல்லார்கிட்டயும் தாய்க்கல்லைப் பத்திக் கேட்டேன். எல்லாரும் தாய்க்கல்னதும் தாய்க்கல்னே எடுத்துக்கிட்டு பதில் சொன்னாங்க. மானேஜர் சார் மட்டும், 'கூட்டுல இருக்கிறதைத்தானே'ன்னு கேட்டுத் தெளிவு பண்ணிக்கிட்டார். கூட்டுல இல்லாத தாய்க்கல் எது சார்?"

சட்டென்று எல்லாத் தலைகளும் திரும்பின. மானேஜரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஒரே கணம்தான்.

"நான் விளக்கமாப் பேசறவன்" என்றார்.

"அப்படியா? கார் எங்கேன்னு கேட்டேன், 'நீலக் காரா'ன்னு கேக்கலை. அக்கா எப்படின்னு கேட்டேன், 'மாடியில இருக்கிற அக்காவா'ன்னு கேக்கலை. ஒண்ணே ஒண்ணு இருக்கிற எதுக்கும் உங்களுக்கு விளக்கம் தேவைப்படலையே."

முதலாளியம்மாவின் கை கூட்டின் விளிம்பைப் பிடித்தது. "டேய் தம்பி, என்னடா இது?"

மானேஜர் நிதானமாகக் கைகளைக் கட்டிக்கொண்டார். கண்டக்டர் எதிர்பார்த்த திருட்டு முழி வரவே இல்லை. மாறாக அவர் சிரித்தார்.

"ஆமாம்" என்றார். "எனக்கும் அந்தச் சந்தேகம்தான். ரெண்டாவது கல் ஒண்ணு இருக்கணும். வெளியில சொல்லலை, அக்கா வருத்தப்படுவாங்கன்னு. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க, ரொம்ப நன்றி. சுரண்டலை, மாத்தியிருக்காங்க. மாத்தணும்னா கூட்டைத் திறக்கணும். சாவி யார் கழுத்துல? நல்ல கல்லை இவதான் வச்சிருக்கா. வெறும் சுரண்டல்னு நினைச்சேன், இது முழுத் திருட்டு."

அவ்வளவு நீளமாக அவர் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. பட்டறை ஆட்களின் கண்கள் மெதுவாகக் கல்லக்காவின் கழுத்துக்குப் போயின. அடப்பாவி! எறிந்த கல்லை அப்படியே பிடித்துத் திருப்பி அடித்துவிட்டானே! கண்டக்டர் டீச்சரின் பக்கம் பார்த்தார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கல்லக்கா பேசினாள். "வீட்டைத் தேடுங்க. என் பையைத் தேடுங்க. என் பொண்ணு புத்தகப் பையையும் தேடுங்க. ஆனா எல்லார் இடத்தையும் தேடணும். என் இடத்தை மட்டும் தேடினா நான் ஒத்துக்க மாட்டேன்."

"கூட்டைத் திறக்காம மாத்த முடியாதா?" என்றார் டீச்சர். "வருஷத்துல ஒரு நாள் கல் தானா வெளியே வருதே. பெட்டியில, காரில, ஒரே ஒரு ஆளோட. போறப்போ நல்ல கல். ஆபீஸ்ல சரியா நிக்குது. திரும்பறப்போ பெட்டியில வேற கல். கல்லக்கா அவங்க சாவியால, அவங்க கையால, பொய்யைக் கூட்டுக்குள்ள வச்சுப் பூட்டறாங்க."

"கதை நல்லா இருக்கு. நல்ல கல் எங்கே?"

அதுதானே! நல்ல கல் எங்கே? கண்டக்டரின் மூளை பழைய பஸ் மாதிரி உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. அடுத்த வருஷமும் ஆபீசுக்குக் காட்ட நல்ல கல் வேண்டும். கெடாமல் இருக்க வேண்டும். ஈரம் படக் கூடாது, விரல் படக் கூடாது. வெளியே கொண்டுபோகவும் முடியாது, வாசலில் தடவிப் பார்க்கிறார்கள். திருடனாகவே இருந்தாலும் இந்தத் தொழில்காரன் அதை அடுப்படிப் பரணில் போட்டு வைக்க மாட்டான். கண்ணாடிக்குள் வைப்பான். சுண்ணாம்பு வைப்பான். எடுக்க இடுக்கி...

"சர்க்கரை!" என்று கத்தினார் கண்டக்டர்.

எல்லாரும் திடுக்கிட்டார்கள். அவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். பின்னாலேயே மானேஜர். "யார் அனுமதி குடுத்தா? அது என் ரூம்!" வாசலில் வார்ப்புக்காரர் குறுக்கே நின்றுகொண்டார். உலையில் நின்ற உடம்பு, மானேஜரால் அசைக்க முடியவில்லை.

நின்றுபோன கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைக் கண்டக்டர் திறந்தார். அடியில் ஒரு கிண்ணம் சுட்ட சுண்ணாம்பு. பெண்டுலத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மெத்தென்று ஒரு தோல் துண்டு. அதன் மேல் கூட்டில் இருந்ததன் கூடப் பிறந்தது மாதிரி ஒரு கல்.

"தொடாதீங்கண்ணே!" என்று பின்னாலிருந்து அலறினாள் கல்லக்கா.

"தொடலைம்மா, தொடலை" என்று கண்டக்டர் இரண்டு கைகளையும் தூக்கினார். "மேஜையில இடுக்கி இருக்கு. சாரே எடுத்து வச்சிருக்கார்."

* * *

கல்லக்கா இடுக்கியால் கல்லை ஏந்திக்கொண்டு வந்து தராசின் ஒரு தட்டில் வைத்தாள். மறு தட்டில் மருந்துக்கடைக்காரரின் அப்பா காலத்துக் கல். முள் இப்படி ஆடியது, அப்படி ஆடியது. முள் நடுவில் வந்து நின்றது, நகரவே இல்லை.

மெருகுக்காரர் கை தட்டினார். தட்டிய கையிலிருந்து பித்தளைப் பொடி பறந்தது.

மானேஜர் எதையும் மறுக்கவில்லை. "குறைஞ்ச கல்லுக்கு மூணு மடங்கு விலை தர ஆள் இருக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "மருந்துக் கடைக்குப் போகும்னு நினைக்கலை. ஆனா பட்டறையில எல்லாக் கல்லையும் அதோடதானே நிறுத்தாங்க."

முதலாளியம்மா அவரை அறைவார் என்று கண்டக்டர் எதிர்பார்த்தார். அறையவில்லை. மேஜையில் இருந்த தாளை எடுத்து நான்காகக் கிழித்தார். பிறகு கல்லக்காவின் கையைப் பிடித்தார்.

"உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்புதான். மனசுல வச்சுக்காதே. ஒண்ணு கேக்கறேன், மாட்டேன்னு சொல்லாதே. இந்த நல்ல கல்லைக் கூட்டுல வச்சிடு. அந்தப் பொய்க் கல்லை இப்பவே உலையில போட்டுடலாம். ஆபீசர் வந்து பார்ப்பார், தாய்க்கல் சரியா நிக்கும், டீயைக் குடிச்சிட்டுப் போயிடுவார். மருந்துக்கடைக்காரரை நான் பார்த்துக்கறேன். இவனை நாளைக்கே துரத்திடறேன். மானேஜர் நாற்காலியில நீ உட்காரு. உன் பொண்ணுக்கும் இங்கே வேலை."

கல்லக்கா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"வெளியே தெரிஞ்சா பட்டறைக்கு முத்திரை போயிடும். இத்தனை பேர் வயித்துல அடிக்காதே." முதலாளியம்மா மறுபடி அந்தக் கையைப் பற்றினார். "அவன் என் தம்பி."

ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பட்டறை மூடினால் அத்தனை பேரும் தெருவில்தான் என்பது கண்டக்டருக்கும் தெரிந்தது. அவர் டீச்சரின் காதோரம் குனிந்தார். "நீங்க ஏதாவது சொல்லுங்களேன்."

"நம்ம வேலை முடிஞ்சுது" என்றார் டீச்சர் மெதுவாக. "அவங்க பேர் சுத்தமாச்சு. மீதி அவங்க இஷ்டம்." ஆனால் டீச்சரின் கை, கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தது.

வாசலில் கார் வந்து நின்ற சத்தம். காவலாளியின் சலாம். செருப்புச் சத்தம் நெருங்கியது. முத்திரை ஆபீசர் உள்ளே நுழைந்தார். கையில் பெட்டி, நெற்றியில் வியர்வை, நிற்க நேரமில்லாத முகம்.

வார்ப்புக்காரர் உலைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். கூட்டில் இருந்த கல்லை எடுத்து உலையில் போட அவருக்கு ஒரு கணம் போதும். கல்லக்கா கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினாள். கூட்டைத் திறந்தாள். இடுக்கியால் உள்ளே இருந்த கல்லைத் தூக்கினாள். வார்ப்புக்காரர் கையை நீட்டினார். அவள் அவரைப் பார்த்தாள், தராசில் இருந்த கல்லைப் பார்த்தாள், முதலாளியம்மாவைப் பார்த்தாள்.

"இதைப் பார்த்துச் செஞ்ச கல்லை வச்சுத்தான் மருந்து நிறுக்கறாங்கம்மா" என்றாள். "இந்த வருஷம் போன ஒவ்வொரு கல்லும் திரும்பி வரணும். நம்ம முத்திரை போனா போகட்டும். நியாயமா மறுபடி வாங்குவோம்."

"என்ன நடக்குது இங்கே?" என்றார் ஆபீசர். "எனக்கு இன்னும் ரெண்டு இடம் போகணும். எங்கேம்மா தாய்க்கல்? கொண்டு வந்து வை."

முதலாளியம்மா கண்களை மூடிக்கொண்டார். கண்டக்டரின் கை தன்னையறியாமல் சட்டைப் பையில் விசிலைத் தேடியது. கல்லக்கா இடுக்கியில் இருந்த கல்லை, தராசில் இருந்த நல்ல கல்லுக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கும்படி மேஜையில் வைத்தாள்.

"எது சார்?" என்றாள். "இங்கே ரெண்டு இருக்கு."